வெள்ளி குடித்த ஏழு பக்கெட்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பெண் பார்க்கப் போனது மூக்கிலும் மீசையிலும் கரும்புள்ளிகளோடு.

கிளம்பும்போது புள்ளி கிடையாது. அன்று காலையில் அரை நாள் வேலை பார்த்துவிட்டு, கம்பெனிக் குழாயில் முகம் கழுவி, பவுடர் போட்டு, கண்ணாடியில் பார்த்து எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டுதான் சூலூர் பஸ் ஏறினேன். வெயில் விழும் பக்கமாக ஜன்னலோர இடம் கிடைத்தது. அதையும் அதிர்ஷ்டம் என்றே நினைத்தேன். காலையில் நான் எடை போட்டது சில்வர் நைட்ரேட். வெள்ளியிலிருந்து வரும் உப்பு அது. கரைத்தால் பச்சைத் தண்ணீர் போலத்தான் இருக்கும், தோலில் பட்டால் தெரியாது. வெயில் பட்டதும் கறுக்க ஆரம்பிக்கும். உறை போடாத கையால் மூக்கைச் சொறிந்து, மாப்பிள்ளை ஆகப்போகிற குஷியில் மீசையையும் முறுக்கியிருக்கிறேன்.

சூலூரில் எனக்காகக் காத்திருந்த அப்பாதான் முதலில் பார்த்தார். "டேய், பூக் கம்பெனின்னு சொன்னே. கரி அள்ளற வேலைக்கா போறே?"

எச்சில் தொட்டுத் தேய்த்தேன். போகவில்லை. போகாது. தோல் உரிந்து புதுத்தோல் வந்தால்தான் உண்டு. பெண் வீட்டில் பாய் விரித்து உட்கார வைத்தார்கள். பெண்ணின் அத்தை என்னையே பார்த்தார்.

"ஏனுங்க, மாப்பிள்ளைக்கு அம்மை கிம்மை போட்டிருக்குதுங்களா?"

"இல்லைங்க, வெள்ளிங்க" என்றேன்.

"வெள்ளின்னா வெள்ளையால்லங்க இருக்கோணும்?"

உள்ளே ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்புக்குச் சொந்தக்காரி சாந்தாமணி. இன்றுவரை என்னைச் சகித்துக்கொண்டிருக்கிறாள். ஏன் சம்மதித்தாய் என்று பிற்பாடு கேட்டேன். "இந்த மூஞ்சியோட வந்து உக்காந்து உள்ளதைச் சொல்றவருக்குப் பொய் சொல்லத் தெரியாதுன்னு நெனச்சனுங்க" என்றாள். எவ்வளவு தப்பான கணிப்பு என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

எழுதச் சொன்னவர் எங்கள் சின்ன பாய், முதலாளி ஜமால் பாயின் மகன். இரண்டு வருஷத்துக்கு முன் நான் ஓய்வு பெற்றேன். இப்போது அங்கே புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்களும் பையன்களும் பூவுக்கான மருந்தைப் பொட்டலமாக வாங்குகிறார்கள். முனையைக் கத்தரித்து பக்கெட்டில் கொட்டிக் கலக்கினால் தீர்ந்தது. "பொட்டலம் வர்றதுக்கு முன்னாடி எப்படி அங்கிள் பண்ணீங்க?" என்று ஒரு பெண் கேட்டாளாம். சின்ன பாய்க்குப் பதில் தெரியவில்லை. என் தலையில் கட்டிவிட்டார்.

எங்கள் வீட்டுத் தொழில் கருமத்தம்பட்டியில் விசைத்தறி. அறுந்த நூலை நான் முடிச்சுப் போட்டால் துணியில் அது மூக்குத்தி மாதிரி எழும்பி நிற்கும். அப்பா பொறுத்துப் பார்த்துவிட்டு, "உனக்கு நூலு ஆகாது, பூவாச்சும் ஆகுதா பாரு" என்று கோயம்புத்தூருக்கு பஸ் ஏற்றிவிட்டார். பூ மார்க்கெட் பக்கத்துச் சந்தில் ஜமால் பாய் கடை. அவருடைய அப்பா காலத்தில் உதிரி மல்லிகையும் சம்பங்கியும்தான். பாய் காலத்தில் கல்யாண மேடை அலங்காரம் வந்தது. காம்போடு வெட்டிய ரோஜா, ஜெர்பெரா, கார்னேஷன் எல்லாம் ஊட்டியிலிருந்தும் ஓசூரிலிருந்தும் அட்டைப் பெட்டியில் வந்து இறங்கும். நான் சேர்ந்தது பக்கெட் கழுவும் வேலைக்கு. முதல் மூன்று வருஷத்தில் கற்றது மொத்தமும் இவ்வளவுதான்: தண்ணீருக்குள் முங்கும் இலையை உருவிவிட வேண்டும். காம்பின் அடியைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துச் சாய்வாக நறுக்க வேண்டும், வெளியே நறுக்கினால் காற்று ஏறி அடைத்துக்கொள்ளும். முதலாளி வரும்போது நின்றுகொண்டிருக்க வேண்டும்.

மீதியெல்லாம் பிலோமினாக்கா வந்த பிறகு கற்றது.

அவர் என்னைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவர். அவருடைய அப்பா டவுனில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். படம் கழுவும் இருட்டறை முழுக்க மகள் பொறுப்பு. கலர் லேப் வந்து கறுப்பு வெள்ளைக்கு வேலை போனதும் ஸ்டுடியோவை மூடிவிட்டார்கள். எங்கள் பாய் வீட்டுக் கல்யாணப் படமெல்லாம் அங்கே கழுவியதுதான். "மருந்து அளக்கற கை சும்மா இருக்கப்படாது" என்று பாய் அவரைக் கூப்பிட்டுக்கொண்டார். விவசாயக் கல்லூரி வாத்தியார் ஒருவர் பூ மருந்து பற்றிக் கொடுத்த தட்டச்சுத் தாளை பாய் அவரிடம் நீட்டினார். கார்னேஷனுக்கு சில்வர் நைட்ரேட்டும் ஹைப்போவும் கலந்து கொடுக்கலாம் என்று அதில் இருந்தது. ஹைப்போ என்பது போட்டோ கழுவுகிறவர்கள் படம் நிலைப்பதற்காகப் போடும் உப்பு; போட்டோத் தாளில் பூசியிருப்பதும் வெள்ளி உப்புதான். அக்கா படித்துவிட்டுச் சொன்ன ஒரே வாக்கியம்: "இவங்க ரெண்டு பேரும் நம்ம ஆளுங்கதான்."

மருந்து அறையில் அக்கா செய்த முதல் காரியம் சிவப்பு பல்பு மாட்டியது. வெள்ளி மருந்துக்கு வெளிச்சம் ஆகாது என்பது வாஸ்தவம்தான். ஆனால் பழுப்பு பாட்டிலில் வைத்தாலே போதும். சிவப்பு வெளிச்சம் இல்லாமல் அக்காவுக்குக் கை ஓடாது, அதுதான் உண்மை. அந்த வெளிச்சத்தில் வெள்ளை ரோஜாவும் சிவப்பு ரோஜாவும் ஒரே நிறமாகத் தெரியும். நான் இரண்டையும் மாற்றி மாற்றி வைத்து வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

வாங்கிக் கட்டிக்கொண்டது என்றால் திட்டு இல்லை. அக்கா திட்டமாட்டார். பார்ப்பார். கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் போட்டிருப்பார். அதை எடுத்து மூக்கில் வைத்தாரென்றால் நான் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுவேன். நான் கழுவிய பக்கெட்டைப் பார்த்து ஒருநாள் கேட்டார்: "இதுல தண்ணி குடிப்பியா?"

"குடிப்பனுங்க" என்றேன், ஒரு பேச்சுக்கு.

ஒரு சொம்புத் தண்ணீரை அதில் ஊற்றி என் முன்னால் வைத்தார். "குடி."

குடித்தேன். வாயெல்லாம் ஜெர்பெராத் தண்டின் அழுகல் வாசம். அதற்கப்புறம் ஓய்வு பெறும் நாள்வரை, நான் குடிக்கத் துணியாத பக்கெட்டில் பூ வைத்ததில்லை.

சாதாரண மருந்து எளிது. லிட்டர் தண்ணீருக்கு ஒரு பெரிய கரண்டி சர்க்கரை, கால் டீஸ்பூன் சிட்ரிக் ஆசிட், சில சொட்டு சலவை பிளீச். சர்க்கரை பூவுக்குச் சோறு. புளிப்பு இருந்தால் தண்ணீர் காம்பில் சுலபமாக ஏறும். பிளீச் கிருமியைக் கொல்லும். பிளீச் இல்லாமல் சர்க்கரை மட்டும் போட்டால் கிருமிகளுக்குத்தான் விருந்து. ஒருமுறை அப்படிச் செய்து, பக்கெட்டில் பாகு மாதிரி வழவழத்து, சந்து முழுக்க எறும்புக்குத் திருவிழா நடத்தியிருக்கிறேன். ஜெர்பெராவுக்குச் சர்க்கரையே வேண்டாம், நாலு விரல் தண்ணீரில் துளி பிளீச் போதும். "அது சர்க்கரை வியாதிக்காரி" என்பார் அக்கா. அவர் ஜோக் அடித்து நான் கேட்டது அது ஒன்றுதான். அதையும் ஜோக் என்று நினைத்துச் சொன்னாரா என்பது தெரியாது.

வெள்ளி மருந்து வேறு சங்கதி. ஒரு கண்ணாடிக் குவளையில் ஹைப்போக் கரைசல், இன்னொன்றில் வெள்ளிக் கரைசல், இரண்டும் காய்ச்சி வடித்த தண்ணீரில் கரைத்தது. வெள்ளியை எடுத்து ஹைப்போவுக்குள் ஊற்ற வேண்டும், மெல்ல, நூல் மாதிரி, கலக்கிக்கொண்டே. அப்படிச் செய்தால் தெளிவாக இருக்கும். திருப்பிப்போட்டு ஹைப்போவை வெள்ளிக்குள் ஊற்றினால் பழுப்பாகி, கறுத்து, அடியில் மசியாக இறங்கிவிடும். அப்புறம் எந்தச் சாமி வந்தாலும் அதை மருந்தாக்க முடியாது.

கலக்குவதற்கு அக்கா கடிகாரம் பார்க்கமாட்டார். இருட்டறையில் வளர்ந்த பழக்கம், நேரத்தை ஜெபத்தால் அளப்பார். மாதா ஜெபம் பத்துத் தடவை முணுமுணுத்தால் ஊற்றி முடித்திருக்க வேண்டும், இன்னொரு பத்து சொல்லும்வரை கலக்க வேண்டும். பக்கத்தில் நின்று நின்று எனக்கும் அது மனப்பாடம். மாரியம்மன் கோவிலுக்குக் கூழ் ஊற்றுகிற குடும்பத்தில் பிறந்த நான், இன்றைக்கும் முட்டை வேகவைப்பது அந்த ஜெபக் கணக்கில்தான். சாந்தாமணி கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள்.

கலந்த மருந்தில் ஓர் இரவு நின்று குடித்த கார்னேஷனை மறுநாள் சர்க்கரைத் தண்ணீருக்கு மாற்றுவோம். மருந்து குடித்த பக்கெட்டின் கைப்பிடியில் சிவப்பு நூல் கட்ட வேண்டும், நூல் இல்லாத பக்கெட் வெளியே போகக்கூடாது. இது அக்காவின் சட்டம். எங்கள் தறியில் மிஞ்சிய சிவப்பு நூலை நான்தான் கொண்டுவந்து கொடுப்பேன். மிச்ச மருந்தைச் சாக்கடையில் ஊற்றக்கூடாது, வெள்ளி மண்ணுக்கும் தண்ணீருக்கும் விஷம். மூடி போட்ட டிரம்மில் சேர்த்து வைப்பார். வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காக ஸ்டுடியோக்களில் பழைய ஹைப்போ வாங்கிப்போகும் ஆள் வந்து எடுத்துப்போவார்.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், வாழைப்பழத்துக்காக.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் மாமன் சீர் என்றால் தட்டுத் தட்டாகப் பழம் வரும். மண்டபத்தில் குளுகுளு அறை ஒன்றுதான் இருக்கும். பழத்தட்டும் அதில், எங்கள் பூவும் அதில். மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் கார்னேஷன் எல்லாம் இதழைச் சுருட்டிக்கொண்டு உள்வாங்கி நிற்கும். தூங்கிவிட்டது என்போம். எழுப்ப முடியாத தூக்கம். பழுத்த பழம் விடுகிற வாயுதான் காரணம், வெள்ளி குடித்த பூவை அந்த வாயு ஒன்றும் செய்யாது என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தார். பாய் நம்பவில்லை.

"ஏம்மா, வாழப்பழம் பூவைத் தாலாட்டுப் பாடித் தூங்க வெக்குதா?"

"வாயு விடுதுங்க பாய்."

"எங்க வீட்டுல எனக்குக்கூடத்தான். யாரும் தூங்கலையே?"

நானும் சேர்ந்து சிரித்தேன். உள்ளபடி சொன்னால் நானும் நம்பவில்லை.

ஒருநாள் பாய் சிரிக்காமல் சொன்னார். "பிலோமினா, வெள்ளி வாங்கிப் பூவுக்கு ஊத்தற அளவுக்கு நான் ஜமீன் இல்லை. நீ வர்றதுக்கு முந்தி ரெண்டு கல்யாணத்துல பூ தூங்கிப் பேர் கெட்டுப்போச்சு; நீ மருந்து ஊத்திப் பாத்ததெல்லாம் சின்ன ஆர்டருக்குத்தான். வர்ற கிணத்துக்கடவுக் கல்யாணம் முழுக்க உன் மருந்துல நிக்கட்டும். பூ முழிச்சிருந்தா காலத்துக்கும் இரு. தூங்குச்சுன்னா, நான் பழையபடி ஐஸைப் போட்டு ஓட்டிக்கறேன். உன்னை வெச்சுக்க எனக்கு வழியில்லம்மா."

அக்கா தலையாட்டினார். ஸ்டுடியோ மூடிய பிறகு அந்தக் கை பிழைத்தது இந்த அறையில்தான். இதுவும் மூடினால் அடுத்த இருட்டறை ஊரில் எங்கும் இல்லை.

சனிக்கிழமை மலையிலிருந்து வெள்ளைக் கார்னேஷன் வந்து இறங்கியது, பன்னிரண்டு பக்கெட். ஒரு குவளைக் கலவை ஏழு பக்கெட்டுக்குத்தான் காணும். அதை அக்காவே கலந்தார். இரண்டாம் கலவைக்கு நேரமாகிவிட்டது, சாயங்காலம் அவருக்குச் சர்ச்சில் பாட்டுப் பயிற்சி. என்னைப் பார்த்தார். கண்ணாடியை எடுத்து மூக்கில் வைத்தார். ஒரு சீட்டில் அளவுகளை எழுதி நீட்டினார்.

"அஞ்சு பக்கெட்டுக்கு நீ கலக்கு."

அதுவரை வெள்ளியை எடை போட மட்டும்தான் என்னை விட்டிருந்தார். கலக்க விட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிப் பத்து நாள். சிவப்பு பல்பு வெளிச்சம், தனிமை, சாந்தாமணி வீட்டிலிருந்து வந்த கடிதம் சட்டைப் பையில். ஒரு கையில் குவளை, வாயில் ஜெபம், மனசு சூலூரில். நாலாவது ஜெபத்தில் குவளைக்குள் ஏதோ மேகம் போட்டது. கதவைத் திறந்து வெளிச்சத்தில் பார்த்தேன், பால் ஊற்றாத வரக்காப்பி நிறம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்தது. ஹைப்போவை வெள்ளிக்குள் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் வேறு வெள்ளி இருந்தால் உருக்கிப் போட்டிருப்பேன். பாட்டிலில் அதற்குமேல் மருந்தும் இல்லை. ஒரு மனிதன் அப்போது செய்யக்கூடிய நல்ல காரியங்கள் பல உண்டு. சர்ச்சுக்கு ஓடி அக்காவைக் கூப்பிடலாம். பாயிடம் சொல்லலாம். நான் கறுத்த குவளையைச் சாக்கடையில் கவிழ்த்து, கழுவித் துடைத்து, ஐந்து பக்கெட்டிலும் பச்சைத் தண்ணீர் ஊற்றிக் கார்னேஷனை நிறுத்தினேன். காலையில் எல்லாவற்றையும் சர்க்கரைத் தண்ணீருக்கு மாற்றிவிட்டு, பன்னிரண்டு பக்கெட்டுக்கும் சிவப்பு நூல் கட்டினேன். முடிச்சு அன்றைக்கு மட்டும் அழகாக விழுந்தது.

'வாழைப்பழமாவது, வாயுவாவது' என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். ஞாயிறு மத்தியானம் மண்டபத்து அறையில் மாமன் சீர்த்தட்டுகளுக்கு நடுவே பன்னிரண்டு பக்கெட்டையும் வரிசையாக வைத்தவனும் நானே. மோரிஸ் வாழையும் பூவனும் மஞ்சள் மஞ்சளாகப் பழுத்து அறையே கமகமத்தது. ஒரு பழம் உரித்துத் தின்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது.

அந்தக் கல்யாணத்தில் வரவேற்புக்கு ஒரு மேடை, முகூர்த்தத்துக்கு ஒரு மேடை. எங்களுடையது முகூர்த்த மேடை. விடியலில் தொடங்கி எட்டரை மணிக்கு முடித்தாக வேண்டும். திங்கள் விடியலில் பாய், அக்கா, நான் மூவரும் அறைக் கதவைத் திறந்தோம்.

ஏழு பக்கெட் விழித்திருந்தது. ஐந்து தூங்கிவிட்டது.

அப்படி ஒரு கோடு கிழித்த மாதிரி நான் எதையும் பார்த்ததில்லை. இந்தப் பக்கம் இட்லி மாதிரி உப்பிக்கொண்டு நிற்கிறது. அந்தப் பக்கம் அழுத குழந்தை கைக்குட்டையைக் கசக்கிப் பிடித்த மாதிரி.

பாய் குனிந்து ஒவ்வொரு கைப்பிடியாகத் தொட்டுப் பார்த்தார். எல்லாவற்றிலும் சிவப்பு நூல். "பிலோமினா, இந்த அஞ்சும் உன் மருந்து குடிச்சதுதானே?"

"குடிச்சிருந்தா தூங்கப்படாதுங்க பாய்."

"தூங்குதேம்மா."

எனக்குச் சும்மா இருக்காத நாக்கு. "ஏசி ரொம்ப ஜில்லுனு வெச்சுட்டாங்க போலிருக்குதுங்க பாய்" என்றேன்.

"அப்ப அந்த ஏழும் ஸ்வெட்டர் போட்டிருந்துச்சா?" என்றார் பாய், திரும்பாமலே.

அக்கா பையிலிருந்து நோட்டை எடுத்தார். எனக்கு எழுதிக்கொடுத்த சீட்டின் நகல் அதில் இருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு உதடு அசைய ஒவ்வோர் அளவாகப் படித்தார். திரும்பவும் முதலிலிருந்து படித்தார். விரலை மடக்கி எதையோ கணக்குப் போட்டார். பிறகு அவர் தன் வலது கையை விரித்துப் பார்த்ததை நான் கண்டேன். இருட்டில் ஆயிரக்கணக்கான படங்களைக் கழுவிய கை. அதை யாரோ அந்நியருடைய கையைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தார்.

"ரெண்டாவது கலவைக்கு அளவு எழுதுனது நானுங்க பாய். எங்கியோ என் கை தப்பியிருக்குது. எதுலன்னு தெரியல. தப்பு என்னோடதுதானுங்க." நோட்டை மூடினார். "இந்த மேடைய முடிச்சுக் குடுத்துட்டு வேலையவிட்டு நின்னுக்கறனுங்க."

பாய் பெருமூச்சு விட்டார். "எனக்கும் சங்கடமாத்தான் இருக்குதும்மா."

அவ்வளவுதான். முடிந்துவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், என் வேலை பத்திரம். நான் பெரிய யோக்கியன் என்பதால் வாயைத் திறந்தேன் என்று எழுத ஆசைதான். உண்மை என்னவென்றால், அவர் தன் கையைப் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

"பாய், அந்த அஞ்சுக்கும் நான் மருந்தே ஊத்தலைங்க."

இருவரும் திரும்பினார்கள்.

"மாத்தி ஊத்திக் கறுத்துப்போச்சுங்க. பயந்துக்கிட்டுக் கொட்டிப்போட்டனுங்க. பச்சத்தண்ணியில வெச்சு, நூலை மட்டும் கட்டிப்போட்டனுங்க. அக்கா எழுதுன அளவு சரிதானுங்க. அக்கா கைல ஒண்ணுமில்லைங்க."

பாய் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "இரு. அப்ப இந்த ஏழுக்கும் மருந்து ஊத்துனே?"

"அது அக்கா ஊத்துனதுங்க."

"அதே ரூமு?"

"அதே ரூமுங்க."

"அதே வாழப்பழம்?"

"அதே வாழப்பழந்தானுங்க."

ஒரு காலிப் பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டார் பாய். "அட ஆண்டவனே! இந்தப் பொண்ணு இத்தன நாளா சொன்னது அத்தனையும் நெசமா?" அப்புறம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் எவ்வளவு, சிரிப்பு எவ்வளவு என்று இன்னும் என்னால் பிரிக்க முடியவில்லை. "உன்னை அப்புறம் வெச்சுக்கறேன். மொதல்ல மேடை."

அக்கா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "கறுத்ததை எங்க கொட்டுனே?"

"சாக்கடையிலங்க."

கண்ணை மூடித் திறந்தார். அதற்குப் பதிலாக ஓர் அறை விட்டிருக்கலாம்.

பாய் வேனை எடுத்துக்கொண்டு பறந்தார். சந்தைக்கு வரும் வழியிலேயே ஒரு வண்டி வெள்ளைச் செவ்வந்தியை மடக்கிக் கொண்டுவந்துவிட்டார். செவ்வந்திக்கு வாழைப்பழத்தைப் பற்றிக் கவலை கிடையாது, எத்தனை தார் வைத்தாலும் முழித்துக்கொண்டிருக்கும். மண்டபத்துக்குப் பின்னால் இருந்த தோப்பில் கேட்டுக் குருத்தோலை வெட்டினோம். பொண்ணு மாப்பிள்ளை உட்காரும் இடத்துக்குப் பின்னால் ஏழு பக்கெட் கார்னேஷன், இரண்டு ஓரத்திலும் செவ்வந்தி, மேலே குருத்தோலை. எட்டு இருபத்தைந்துக்கு முடித்தோம். பெண்ணின் மாமா வந்து பார்த்தார். "நடுவுல ஒரு பூவு, ஓரத்துல ஒரு பூவு, ஜம்முனு ரோசனை பண்ணி வெச்சிருக்கறீங்க" என்றார். நான் அடக்கமாகத் தலை குனிந்துகொண்டேன். பாய் என் காலை மிதித்தார்.

முகூர்த்தம் நடந்தது. நான் மண்டபத்துக்குப் பின்பக்கம் தூங்கிப்போன ஐந்து பக்கெட்டோடு உட்கார்ந்திருந்தேன். கெட்டிமேளச் சத்தத்துக்குக்கூட ஒரு பூ எழவில்லை.

வேலை போகவில்லை. பாய்க்கு என்மேல் இரக்கம் என்பதைவிட, தன் வாழ்நாளில் இப்படி ஒரு பரீட்சையை யாரும் நடத்திக் காட்டியதில்லை என்ற சந்தோஷம் அதிகம். எல்லாப் பக்கெட்டிலும் மருந்து ஊற்றி எல்லாம் முழித்திருந்தால், பூ நல்ல பூ என்று சொல்லியிருப்பார். நான் ஐந்தைக் கெடுத்ததால்தான் ஏழின் பெருமை தெரிந்தது. அந்த வகையில் பூ விஞ்ஞானத்துக்கு என் பங்களிப்பு மகத்தானது. இதை அக்காவிடம் சொல்லிப் பார்க்கலாம் என்றால், அவர் என்னோடு பேசவில்லை. பதினோரு நாள். எல்லாம் சீட்டில்தான் வரும். "நாலாம் பக்கெட் நாறுகிறது." "பிளீச் தீர்ந்தது." "மூக்கைத் தொடாதே."

பன்னிரண்டாம் நாள் வந்த சீட்டில் "நீ கலக்கு" என்று இருந்தது. பக்கத்தில் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு காம்பு நறுக்கினார். நான் வெள்ளியை ஹைப்போவுக்குள் நூலாக இறக்கினேன். நான் தடுமாறாமல் இருக்க ஜெபத்தை அவரே சத்தமாகச் சொன்னார். முடிந்ததும் குவளையைத் தூக்கிப் பல்புக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். தெளிந்த தண்ணீர். கீழே வைத்துவிட்டு அடுத்த காம்பை நறுக்கப் போனார். முப்பது வருஷ வேலையில் எனக்குக் கிடைத்த விருது அது.

அதற்கப்புறம் எத்தனையோ மேடை. காலம் மாறி, வெள்ளி மருந்தே வேண்டாம் என்றாகிவிட்டது. இப்போது பூப்பெட்டிக்குள் வேறொரு வகைச் சின்னப் பொட்டலத்தை நனைத்து வைத்து மூடுகிறார்கள். அதிலிருந்து வரும் காற்றே பூவைக் காப்பாற்றிவிடுகிறது. நல்ல விஷயம்தான், சாக்கடைக்கும் பயமில்லை, மாப்பிள்ளைகளின் மூக்குக்கும் பயமில்லை. சிவப்பு பல்பைக் கழற்றிய அன்று மட்டும் நான் கொஞ்ச நேரம் அந்த அறையில் நின்றுகொண்டிருந்தேன். வெள்ளை ரோஜா வெள்ளையாகத் தெரிந்தது. எனக்கு என்னவோ அது பிடிக்கவில்லை.

ஜமால் பாய் இப்போது இல்லை. பிலோமினாக்கா எனக்கு முன்னாலேயே ஓய்வு பெற்று, தங்கச்சி வீட்டில் இருக்கிறார். இதை எழுதி முடிக்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று போன் போட்டேன்.

"அக்கா, சென்னியப்பனுங்க."

"சொல்லு."

"பூ மருந்து பத்தி எழுதச் சொல்லியிருக்காங்க. உங்களையும் எழுதறனுங்க."

"அளவைச் சரியா எழுது."

"கிணத்துக்கடவுக் கல்யாணத்தையும் எழுதறனுங்க."

"எழுது" என்றார்.

எனக்கு இத்தனை வருஷமாக ஒரு சமாதானம் இருந்தது. அன்று நான் சொல்லாவிட்டாலும் அக்கா எப்படியும் சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்திருப்பார், குவளையை முகர்ந்தாவது, சாக்கடையைப் பார்த்தாவது. அதை அவர் வாயால் கேட்டுவிட்டால் நிம்மதியாகக் கட்டுரையை முடிக்கலாம் என்று கேட்டேன்.

"ஏனுங்கக்கா, அன்னிக்கு நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா என்னங்க பண்ணியிருப்பீங்க?"

"சாகற வரைக்கும் என் கையைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன்."